சுர இடைவெளிக்குப் பெயர் சொல்லும் செய்நிரல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்குவிலில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு பைதன் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் பாட்டோ வயலினோ வீணையோ கீபோர்ட்டோ பழகுகிறவர்கள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர்களும் தேவாலயத்தில் கீபோர்ட் வாசிக்கிறவர்களும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒரு பயிற்சி கொடுப்பேன்: இரண்டு சுரங்களைக் கொடுத்தால் இடைவெளியின் பெயரைச் சொல்லும் செய்நிரல். பார்க்கச் சின்ன விடயம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடங்களில்தான் பிள்ளைகள் தடக்குப்படுகிறார்கள், பெற்றோரும் அதே கேள்விகளோடுதான் வருகிறார்கள். அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

பயிற்சியில் சரியாக என்ன செய்ய வேண்டும்?

இரண்டு ஃபங்ஷன் எழுத வேண்டும். முதலாவதுக்கு ஒரு சுரம், இன்னொரு சுரம், ஏறுகிறதா இறங்குகிறதா என்ற திசை ஆகிய மூன்றும் கிடைக்கும். அது இடைவெளியின் பெயரைத் திருப்பித் தர வேண்டும். 'சி, ஜி, ஏறு' என்று கொடுத்தால் 'பேர்ஃபெக்ட் 5' என்று வர வேண்டும். இரண்டாவது அதன் மறுதலை: ஒரு சுரம், இடைவெளியின் பெயர், திசை கொடுத்தால் மற்றச் சுரத்தைச் சொல்ல வேண்டும்.

சுரங்களுக்கு மேலைத்தேய எழுத்துகளைத்தான் பயன்படுத்துகிறோம்: சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி. எழுத்துக்குப் பின்னால் ஷார்ப் வரலாம், ஃப்ளாட் வரலாம், இரட்டை ஷார்ப்பும் இரட்டை ஃப்ளாட்டும்கூட வரலாம். ஷார்ப் ஒரு அரைச்சுரம் கூட்டும், ஃப்ளாட் ஒரு அரைச்சுரம் குறைக்கும். அரைச்சுரம் என்பது கீபோர்ட்டில் கறுப்பு, வெள்ளை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கட்டைக்கும் பக்கத்துக் கட்டைக்கும் உள்ள தூரம்.

சங்கீதமே தெரியாத பிள்ளை இதைச் செய்ய முடியுமா?

முடியும். தேவையானது ஏழு எழுத்துகளின் வரிசையும், எந்த எழுத்துக்கும் எந்த எழுத்துக்கும் இடையில் எத்தனை அரைச்சுரம் என்ற கணக்கும்தான். ஒரு ஸ்தாயியில், அதாவது ஒரு சியிலிருந்து அடுத்த சி வரை, 12 அரைச்சுரங்கள். அடுத்தடுத்த எழுத்துகளுக்கு இடையில் இரண்டு அரைச்சுரம் இருக்கும். ஈக்கும் எஃப்புக்கும் இடையிலும், பிக்கும் அடுத்த சிக்கும் இடையிலும் மட்டும் ஒன்று. சியைப் பூச்சியம் என்று வைத்தால் டி 2, ஈ 4, எஃப் 5, ஜி 7, ஏ 9, பி 11. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, செய்நிரலில் ஒரு முறை எழுதிவைத்தால் போதும்.

பாட்டுப் பழகும் பிள்ளைகளுக்கு இன்னொரு இலகுவான வழி இருக்கிறது. சுருதி சேர்க்கும்போது ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டை, இரண்டரைக் கட்டை, மூன்று கட்டை என்று சொல்வோமல்லவா? அதற்குப் பிறகு என்ன வருகிறது? நான்கு கட்டை. மூன்றரைக் கட்டையில் பாடுகிறேன் என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஏழரைக் கட்டையும் இல்லை. ஒரு கட்டை என்பது சி, மூன்று கட்டை ஈ, நான்கு கட்டை எஃப், ஏழு கட்டை பி. ஈக்கும் எஃப்புக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை என்பதைத்தான் அந்தக் கணக்கு அப்படியே சொல்கிறது. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு அந்த அட்டவணையைப் பிழையாக எழுதுகிற பிள்ளையை நான் கண்டதில்லை.

சியிலிருந்து ஜி வரை நான்கு படிதானே? ஏன் ஐந்து என்கிறார்கள்?

தொடங்குகிற சுரத்தையும் சேர்த்து எண்ணுவதால். சி, டி, ஈ, எஃப், ஜி: ஐந்து எழுத்துகள். நமது பெயரிலேயே இது இருக்கிறது. பஞ்சமம் என்றால் ஐந்தாவது. ஸ, ரி, க, ம, ப என்று ஸட்ஜத்தையும் சேர்த்து எண்ணினால்தான் ஐந்து வரும். பழந்தமிழ் இசையில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு. அங்கும் குரலிலிருந்து எண்ணினால் இளி ஐந்தாவது. ஒரு நரம்புக்கு, அதாவது சுரத்துக்கு, ஐந்தாவது நரம்பைக் கிளை என்றும் நான்காவதை நட்பு என்றும் அந்த மரபில் சொல்வார்கள். அதுவும் தொடங்கும் நரம்பைச் சேர்த்த எண்ணிக்கைதான்.

கோடிங்கில் பூச்சியத்திலிருந்து எண்ணிப் பழகியவர்களுக்கு இந்த ஒன்று கூடுவது தொந்தரவாக இருக்கும். எழுத்துத் தூரத்தைப் பூச்சியத்திலிருந்தே கணக்கிட்டுக்கொண்டு போங்கள். பெயர் எழுதும் கடைசி வரியில் மட்டும் ஒன்று கூட்டுங்கள். நடுவில் கூட்டினால் எங்கே கூட்டினோம், எங்கே கூட்டவில்லை என்று தேடவேண்டி வரும்.

அரைச்சுரங்களை எண்ணி 0 முதல் 12 வரை ஒரு அட்டவணை வைத்தால் போதாதா? இவ்வளவு சுற்று எதற்கு?

அநேகமாக எல்லோரும் முதலில் எழுதுகிற விடை இதுதான். சுரத்தை எண்ணாக மாற்று, கழி, மூன்று வந்தால் மைனர் 3, நான்கு வந்தால் மேஜர் 3. பாதிச் சோதனைகள் சரிவரும். மிச்சம் பிழைக்கும். ஏன் பிழைக்கிறது என்பதைத்தான் இந்தப் பயிற்சியால் நான் சொல்லிக்கொடுக்க விரும்புகிறேன், அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

மாயாமாளவகௌளையை எடுங்கள். எங்கள் பிள்ளைகள் சரளி வரிசையை இந்த ராகத்தில்தான் தொடங்குகிறார்கள். சியை ஸட்ஜமாக வைத்தால் சுத்த ரிஷபம் டி ஃப்ளாட், அந்தர காந்தாரம் ஈ. இரண்டுக்கும் இடையில் மூன்று அரைச்சுரம். எண்ணிக்கை முறை இதற்கு 'மைனர் 3' என்று சொல்லும். ஆனால் ரியும் கவும் பக்கத்துச் சுரங்கள்! ரியிலிருந்து கவுக்கு ஒரு படிதான் ஏறுகிறோம். எழுத்திலும் டி, ஈ என்று இரண்டுதான். ஆகவே இது ஏதோ ஒரு வகை 2 ஆகத்தான் இருக்க முடியும். வழக்கத்தைவிட அகன்ற 2. அதற்குப் பெயர் ஓக்மென்டட் 2. அந்த ராகத்தைக் கேட்டவுடனே அடையாளம் காட்டுவது ரிக்கும் கவுக்கும் நடுவில் இருக்கும் இந்த அகலம்தான். தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவிலும் அதே அகலம் இருக்கிறது: ஏ ஃப்ளாட்டிலிருந்து பி.

கீபோர்ட்டில் அதே இரண்டு கட்டைகளை சி ஷார்ப், ஈ என்று எழுதினால் எழுத்துகள் சி, டி, ஈ என மூன்று. அப்போது அது மைனர் 3. ஒலிக்கிற கட்டைகள் ஒன்றே, பெயர் வேறு. எண்ணாக மாற்றிய அந்தக் கணத்திலேயே எழுத்து தொலைந்துவிடுகிறது; தொலைந்ததைப் பிறகு எந்த அட்டவணையாலும் திருப்பி எடுக்க முடியாது. வாசித்த கட்டைகளை எண்களாகப் பதிந்துவைக்கும் மிடி கோப்புகளில் இதே சிக்கல் இருக்கிறது. நடு சி 60 என்றால் டி ஷார்ப்பும் 63, ஈ ஃப்ளாட்டும் 63. அந்தக் கோப்பிலிருந்து சுரக்குறிப்பை எழுதும் மென்பொருள் எது எது என்று ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆகவே முதலில் எழுத்து, பிறகு அரைச்சுரம். இந்த வரிசை மாறக்கூடாது.

கீபோர்ட்டில் ஒன்றாகக் கேட்கும் இரண்டுக்கு இரண்டு பெயர் வைப்பது வீண் வேலை இல்லையா?

ஒரு தந்தை என்னிடம் இதைக் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். அவருடைய மகள் வீணை பழகுகிறவள். பதிலை அவள்தான் சொன்னாள்: "அப்பா, ஷட்ஸ்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஒரே மெட்டில்தானே இருக்கு?"

கர்நாடக சங்கீதத்தில் சுரஸ்தானங்கள் 12, சுரப் பெயர்கள் 16. நான்கு ஸ்தானங்களுக்கு இரண்டிரண்டு பெயர். சதுஸ்ருதி ரிஷபத்தின் இடமே சுத்த காந்தாரத்தின் இடம். ஷட்ஸ்ருதி ரிஷபத்தின் இடமே சாதாரண காந்தாரத்தின் இடம். மேலே தைவதத்திலும் நிஷாதத்திலும் அதே மாதிரி. ராகத்தில் அந்தச் சுரம் ரியாக நிற்கிறதா, கவாக நிற்கிறதா என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி 72 மேளகர்த்தாக்களை, அதாவது தாய் ராகங்களை, வகுத்ததே இந்தப் பதினாறு பெயர்களின் மேல்தான். இதை வீண் வேலை என்று எங்கள் சங்கீத ரீச்சர்மார் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் பொருத்தம் வியப்பாக இருக்கும். ஸட்ஜத்திலிருந்து எண்ணும்போது மூன்று ரிஷபங்களும் முறையே மைனர் 2, மேஜர் 2, ஓக்மென்டட் 2. மூன்று காந்தாரங்கள் டிமினிஷ்ட் 3, மைனர் 3, மேஜர் 3. தைவதங்கள் மைனர் 6, மேஜர் 6, ஓக்மென்டட் 6. நிஷாதங்கள் டிமினிஷ்ட் 7, மைனர் 7, மேஜர் 7. சுத்த மத்தியமம் பேர்ஃபெக்ட் 4, பிரதி மத்தியமம் ஓக்மென்டட் 4. பஞ்சமம் பேர்ஃபெக்ட் 5. பதினாறுக்கும் ஒன்றுக்கொன்று நேரான பெயர், ஒன்றுகூட இடிபடவில்லை. இந்த அட்டவணையைக் கரும்பலகையில் எழுதும் நாள்தான் எனக்கு அந்தத் தவணையிலேயே பிடித்த நாள். பாட்டுப் பழகும் பிள்ளைகள் கீபோர்ட் பிள்ளைகளுக்கு விளக்கத் தொடங்குவார்கள். நான் ஒதுங்கி நின்றுவிடுவேன்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்தப் பொருத்தம் பெயருக்கும் இடத்துக்கும்தான். பாடும்போது கமகத்தோடு அசைகிற சுரத்தைக் கீபோர்ட் கட்டை ஒன்றுக்குள் அடக்கிவிட முடியாது.

பேர்ஃபெக்ட், மேஜர், மைனர் என்று ஏன் இரண்டு குடும்பம்? ஐந்தாவதுக்கு மைனர் இல்லையா?

இல்லை. 1, 4, 5, 8 ஆகிய நான்கும் ஒரு குடும்பம். அவற்றின் இயல்பான அளவு பேர்ஃபெக்ட். அரைச்சுரம் கூடினால் ஓக்மென்டட், குறைந்தால் டிமினிஷ்ட். 2, 3, 6, 7 மற்றக் குடும்பம். அவற்றுக்கு மேஜர் இயல்பான அளவு. ஒன்று குறைந்தால் மைனர், இரண்டு குறைந்தால் டிமினிஷ்ட், ஒன்று கூடினால் ஓக்மென்டட்.

ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாத சுரங்கள், அவற்றுக்கு வகை இல்லை என்று படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மத்தியமத்துக்கு இரண்டு உண்டு. ஆனால் அவை சுத்தமும் பிரதியும், அதாவது பேர்ஃபெக்ட்டும் ஓக்மென்டட்டும். அங்கேயும் மைனருக்கு இடமில்லை.

செய்நிரல் பிழைக்கிற முக்கியமான இடம் இது. டிமினிஷ்ட்டுக்கு ஒரு குடும்பத்தில் ஒன்று குறைய வேண்டும், மற்றதில் இரண்டு குறைய வேண்டும். ஒரே நிபந்தனையில் இரண்டையும் பிடிக்கப் பார்த்தால் பி, எஃப் சோதனை விழும்.

சரி, கணக்கை ஒழுங்காக எழுதிக் காட்ட முடியுமா?

ஏறுமுகத்துக்கு நான்கு வரி:

எழுத்துத் தூரம் = (இரண்டாம் எழுத்தின் இடம் − முதலாம் எழுத்தின் இடம்) % 7
இடைவெளி எண் = எழுத்துத் தூரம் + 1
அரைச்சுரம் = (இரண்டாம் எழுத்தின் பெறுமதி − முதலாம் எழுத்தின் பெறுமதி) % 12 + இரண்டாம் குறி − முதலாம் குறி
வித்தியாசம் = அரைச்சுரம் − அந்த எண்ணின் இயல்பான அளவு

'%' என்பது வகுத்தால் வரும் மீதி. 'இடம்' என்பது ஏழு எழுத்துகளின் வரிசையில் 0 முதல் 6 வரை. 'பெறுமதி' மேலே சொன்ன 0, 2, 4, 5, 7, 9, 11. 'குறி' ஷார்ப்புக்கு 1, ஃப்ளாட்டுக்கு −1, இரட்டை என்றால் 2 அல்லது −2. இயல்பான அளவுகள்: 2க்கு 2, 3க்கு 4, 4க்கு 5, 5க்கு 7, 6க்கு 9, 7க்கு 11. வித்தியாசம் கிடைத்ததும் எந்தக் குடும்பம் என்று பார்த்துப் பெயரை எடுக்கலாம்.

டி ஃப்ளாட்டிலிருந்து ஈக்குச் செய்து பார்ப்போம். எழுத்துத் தூரம் 1, ஆகவே எண் 2. பெறுமதி 4 கழித்தல் 2, அது 2. குறிகள் 0 கழித்தல் −1, அது 1. மொத்தம் 3. இரண்டின் இயல்பான அளவு 2. வித்தியாசம் 1. ஓக்மென்டட் 2.

மூன்றாம் வரியில் ஏன் எல்லாவற்றையும் சேர்த்து 12ஆல் மீதி எடுக்கக்கூடாது?

மீதி எழுத்துகளுக்கு மட்டும். குறிகளை அதற்கு வெளியேதான் கூட்ட வேண்டும். சியிலிருந்து பி ஷார்ப்புக்குப் பாருங்கள். எழுத்துகள் ஏழு, அரைச்சுரம் 12, ஓக்மென்டட் 7. எல்லாவற்றையும் சேர்த்து மீதி எடுத்தால் 12 பூச்சியமாகிவிடும், வித்தியாசம் −11 என்று வரும், செய்நிரல் திகைத்து நின்றுவிடும். எங்கள் வகுப்பில் கடைசி வரை பிடிபடாமல் ஒளிந்திருக்கும் பிழை இதுதான், ஏனென்றால் பழக்கமான சுரங்களில் இது வெளியே தெரியாது.

என்னுடைய செய்நிரல் பைதனில் சரிவருகிறது, அதையே ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதினால் பிழைக்கிறது. ஏன்?

எதிர் எண்ணின் மீதி. பைதனில் −1 % 7 என்றால் 6. ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா, சி மொழிகளில் −1. அங்கே மீதி எடுத்த பிறகு 7 கூட்டி மறுபடி மீதி எடுங்கள். பன்னிரண்டுக்கும் அதே மாதிரி.

உள்ளீட்டை எல்லாம் சிறிய எழுத்தாக மாற்றினேன். பிறகு எல்லாம் குழம்பிவிட்டது. என்ன நடந்தது?

இதே பிழையை நானும் செய்து ஒரு பின்னேரம் முழுவதும் தேடியிருக்கிறேன். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது ஃப்ளாட் குறிக்குச் சிறிய பி எழுத்தைத்தான் பயன்படுத்துகிறோம், சுரத்துக்குப் பெரிய பி. எல்லாவற்றையும் சிறிதாக்கினால் சுரம் எது, குறி எது என்ற வேறுபாடு போய்விடும். பெரிதாக்கினாலும் அதே கதி. பயனர் எப்படித் தட்டினாலும் ஏற்க வேண்டும் என்ற நல்லெண்ணம் இந்த இடத்தில் உதவாது.

முதல் எழுத்தை மட்டும் தனியாக எடுங்கள், அதுதான் சுரம். மிச்சம் எல்லாம் குறி. மிச்சத்தில் ஷார்ப்பும் ஃப்ளாட்டும் கலந்து வந்தாலோ, இரண்டுக்கு மேல் வந்தாலோ, முதல் எழுத்து அந்த ஏழுக்குள் இல்லாவிட்டாலோ தெளிவான பிழைச் செய்தி கொடுங்கள். எதையாவது ஊகித்து விடை சொல்லும் செய்நிரலைவிட "இந்த உள்ளீடு விளங்கவில்லை" என்று சொல்லும் செய்நிரல் நம்பத் தகுந்தது.

இறங்குமுகத்துக்குத் தனியாக எழுத வேண்டுமா?

வேண்டாம். இரண்டு சுரங்களையும் இடம் மாற்றி அதே ஃபங்ஷனை அழையுங்கள். சியிலிருந்து ஏவுக்கு இறங்குவதும் ஏவிலிருந்து சிக்கு ஏறுவதும் ஒரே தூரம்: மைனர் 3. மாற்றாமல் விட்டால் மேஜர் 6 என்று வரும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் 9 ஆவதைக் கவனியுங்கள், தொடக்கச் சுரத்தை இரண்டு முறை எண்ணுவதால் வருகிற ஒன்பது அது. மேஜருக்கு மைனர், ஓக்மென்டட்டுக்கு டிமினிஷ்ட், பேர்ஃபெக்ட்டுக்குப் பேர்ஃபெக்ட் என்று பெயரும் எதிராகத் திரும்பும்.

ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால்?

ஸ்தாயி எண் கொடுக்கப்படாததால் சி, சி என்பது ஒன்றா எட்டா என்று சொல்ல முடியாது. எங்கள் பயிற்சியில் அதை 8 என்று வைத்திருக்கிறோம். எழுத்துத் தூரம் பூச்சியம் என்றால் எண் 8, இயல்பான அளவு 12, அரைச்சுரத்துடன் 12 கூட்டுங்கள்.

மறுதலை ஃபங்ஷனில் பிக்கு மேலே மேஜர் 3 கேட்டால் டி ஷார்ப் என்கிறீர்கள். கீபோர்ட் செயலி ஈ ஃப்ளாட் என்று காட்டுகிறதே?

கட்டை ஒன்றுதான். ஆனால் 3 என்று கேட்டதால் எழுத்து முதலே முடிவாகிவிட்டது: பி, சி, டி. விடையின் எழுத்து டியாகத்தான் இருக்க வேண்டும், அதற்கு எத்தனை ஷார்ப் அல்லது ஃப்ளாட் என்பது மட்டும்தான் மிச்சக் கேள்வி. பியிலிருந்து டிக்கு இயல்பாக 3 அரைச்சுரம். நமக்கு வேண்டியது 4. ஒன்று குறைகிறது, ஆகவே டி ஷார்ப்.

பொதுவாகச் சொன்னால், ஏறுமுகத்தில் விடையின் குறி = வேண்டிய அளவு − எழுத்துகளின் இயல்பான தூரம் + தொடக்கக் குறி. எஃப்புக்கு மேலே பேர்ஃபெக்ட் 4 கேட்டால் எழுத்து பி. எஃப்பிலிருந்து பிக்கு 6, வேண்டியது 5, ஆகவே பி ஃப்ளாட். அதை ஏ ஷார்ப் என்று எழுதினால் நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. பிள்ளைகள் வருத்தப்படுவார்கள். ஆனால் சதுஸ்ருதி ரிஷபத்தைச் சுத்த காந்தாரம் என்று எழுதினாலும் சங்கீதப் பரீட்சையில் பிழைதானே.

இரட்டை ஃப்ளாட் எல்லாம் உண்மையில் எங்காவது வருமா?

முதலாவது மேளமே உதாரணம். கனகாங்கியில் சுத்த ரிஷபம், சுத்த காந்தாரம், சுத்த தைவதம், சுத்த நிஷாதம். சியிலிருந்து எழுதினால் சி, டி ஃப்ளாட், ஈ இரட்டை ஃப்ளாட், எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி இரட்டை ஃப்ளாட். ஒவ்வொரு எழுத்தும் ஒரு முறை மட்டும் வர வேண்டும் என்றால் வேறு வழியில்லை. சியிலிருந்து ஈ இரட்டை ஃப்ளாட் டிமினிஷ்ட் 3; டி என்று எழுதினால் மேஜர் 2 ஆகிவிடும், பிறகு ராகத்தில் காந்தாரமே இல்லாமல் போய்விடும்.

இதைவிடக் குறுகிய வழி இருக்கிறதா?

இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. எழுத்துகளை ஐந்தாம் ஐந்தாம் சுரமாக அடுக்குங்கள்: எஃப் 0, சி 1, ஜி 2, டி 3, ஏ 4, ஈ 5, பி 6. ஒவ்வொரு ஷார்ப்புக்கும் 7 கூட்டுங்கள், ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் 7 கழியுங்கள். பிறகு இரண்டாம் சுரத்திலிருந்து முதலாவதைக் கழித்தால் போதும், மீதி எடுக்கவே தேவையில்லை. விடை −1, 0, 1 என்றால் பேர்ஃபெக்ட் 4, 8, 5. 2 முதல் 5 வரை மேஜர் 2, 6, 3, 7. −2 முதல் −5 வரை மைனர் 7, 3, 6, 2. 6 முதல் 12 வரை ஓக்மென்டட் 4, 8, 5, 2, 6, 3, 7. −6 முதல் −12 வரை டிமினிஷ்ட் 5, 8, 4, 7, 3, 6, 2.

டி ஃப்ளாட் 3 − 7 = −4; ஈ 5; வித்தியாசம் 9: ஓக்மென்டட் 2. சி ஷார்ப் 8, ஈ 5, வித்தியாசம் −3: மைனர் 3. ஒரே ஒரு கழித்தல், ஒரே ஒரு அட்டவணை. எழுத்தும் அரைச்சுரமும் இரண்டுமே அந்த ஒற்றை எண்ணுக்குள் இருக்கின்றன, எதுவும் தொலையவில்லை. சி ஷார்ப் 8, டி ஃப்ளாட் −4; இரண்டும் 12 தூரத்தில் நிற்கின்றன.

ஆனால் இதை முதலில் சொல்லிக்கொடுப்பதில்லை. முதல் வழியில் கஷ்டப்பட்டு எழுதியவருக்குத்தான் இந்த வழியின் அழகு விளங்கும்.

சங்கீதத்தையும் கணக்கையும் இப்படிக் கலப்பது பிள்ளையின் ரசனையைக் கெடுக்காதா?

ஒரு அம்மா உண்மையான கவலையோடு கேட்டது இது. விபுலாநந்த அடிகளைப் பற்றிச் சொன்னேன். காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞானப் பட்டதாரி, மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். பழைய யாழ்களின் நரம்புகளையும் சுரங்களையும் கணித முறையில் ஆராய்ந்து அவர் எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அந்த நூலில் பின்னங்களும் பாடல் அடிகளும் பக்கத்தில் பக்கத்தில் வரும். கணக்குத் தெரிந்ததால் அவருடைய தமிழோ இசையோ குறைந்துவிடவில்லை. அந்த அம்மாவின் மகன் இப்போது பாடும்போது கணக்குப் பார்ப்பதில்லை. பாடி முடித்த பிறகுதான் பார்க்கிறான், எந்த இடத்தில் ஏன் கூசியது என்று.

பயிற்சியை முடித்தவர்கள் அடுத்து என்ன செய்யலாம்?

72 மேளங்களையும் உருவாக்கும் செய்நிரல் எழுதுங்கள். ரியும் கவும் சேரக்கூடிய சோடிகள் ஆறு, தைவதமும் நிஷாதமும் சேரக்கூடியவை ஆறு, மத்தியமம் இரண்டு. மூன்று சுழல்கள் போதும். பிறகு ஒவ்வொரு மேளத்திலும் அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையில் உள்ள இடைவெளிகளை உங்கள் ஃபங்ஷனால் பெயரிடுங்கள். எல்லா விடைகளும் ஏதோ ஒரு 2 ஆகத்தான் வர வேண்டும். எங்காவது 3 வந்தால் எழுத்தைத் தொலைத்துவிட்டீர்கள்.

என் செய்நிரல் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

சி, ஜி மாதிரியான நல்ல பிள்ளைகளை வைத்துச் சோதிக்காதீர்கள். அவை எந்தச் செய்நிரலிலும் சரிவரும். இவற்றைக் கொடுத்துப் பாருங்கள். ஏறுமுகத்தில் டி ஃப்ளாட், ஈ: ஓக்மென்டட் 2. சி ஷார்ப், ஈ: மைனர் 3. எஃப், பி: ஓக்மென்டட் 4. பி, எஃப்: டிமினிஷ்ட் 5. இவை இரண்டும் ஆறு அரைச்சுரம்தான், பெயர் மட்டும் வேறாக வர வேண்டும். சி, பி ஷார்ப்: ஓக்மென்டட் 7. பி ஷார்ப், சி: டிமினிஷ்ட் 2, இங்கே அரைச்சுரம் பூச்சியம் என்பதால் பலருடைய செய்நிரல் இதை 8 என்று சொல்லிவிடும். இறங்குமுகத்தில் சி, ஏ: மைனர் 3. கடைசியாக ஏறுமுகத்தில் ஈ, எஃப் கொடுங்கள். மைனர் 2 வர வேண்டும். மேஜர் 2 வந்தால் மூன்றரைக் கட்டை ஒன்று உங்கள் அட்டவணைக்குள் எங்கோ புகுந்திருக்கிறது.